மீன்காரன் பார்வையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையம், திருகோணமலை

5க்கு 4. குறைத்த அந்த ஒன்று படிக்கட்டுக்கு. நிலையம் மாடியில் இருக்கிறது, ஏற 17 படி. பிடிக்கிற கம்பி ஒரு பக்கம் மட்டும்தான், அதுவும் ஆறாவது படியோடு நின்றுவிடுகிறது. ஊன்றுகோலோடு வருகிறவர்களுக்கு இரத்தம் எடுக்கும் இடத்துக்கு இப்படி ஒரு படி கட்டியவரை ஒருநாள் என் மனைவியோடு சேர்த்து ஏறவைத்துப் பார்க்க ஆசை.

பெயர் போடவில்லை. ஊர் சின்னது. பெயர் போட்டால் இடம் தெரியும், இடம் தெரிந்தால் ஆளும் தெரியும், பிறகு மீன் வாங்க வருகிறவர்கள் விலை கேட்க முன்னம் நோய் விசாரிப்பார்கள். மனைவிக்கு அது பிடிக்காது.

நான் மீன் ஏற்றி அனுப்புகிறவன். இரவு லொறியில் பேலியகொடைச் சந்தைக்குப் போகிற பெட்டிகளில் என் பெட்டியும் இருக்கும். 27 வருடமாக ஐஸோடு தொழில். இரத்தப் பரிசோதனை பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், குளிர் விட்டுப்போகாமல் ஒரு சாமானைக் கொழும்புக்கு அனுப்பத் தெரியும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இந்த ஒரு வருடத்தில் படித்தது. அதாவது, உயர்தரத்தில் பயோ படிக்கிற மகள் படித்து எனக்குச் சொன்னது.

எங்கள் கதை விக்கலில் தொடங்கியது. முதல் நாள் சிரித்தோம். கனடாவில் இருக்கிற தங்கச்சி நினைக்கிறாள் என்றார் மாமியார். இரண்டாம் நாள் ஒரு கரண்டி சீனி. மூன்றாம் நாள் மகள் பின்னால் போய் வெருட்டிப் பார்த்தாள். நான்காம் நாளிலிருந்து விக்கலோடு சத்தியும் சேர்ந்துகொண்டது. தண்ணீர்கூட நிற்கவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்றார்கள், குளிசை தந்தார்கள், வயிற்றுக்குள் கமராவும் விட்டுப் பார்த்தார்கள். 12ஆம் நாள் விக்கல் தானாக நின்றது. குளிசை வேலை செய்துவிட்டது என்று நாங்களும் நம்பிவிட்டோம்.

மூன்று கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வந்தாள். வாசலில் பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. மறுநாள் விடிய இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், சலமும் போகவில்லை. எம்.ஆர்.ஐ எடுத்தபோது முள்ளந்தண்டின் நடு நரம்பில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கும் மேலாக ஒரு வெளிறிய கீற்று.

நரம்பியல் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “முன்னம் எப்பவாவது நிற்காத விக்கல் இருந்ததா அம்மா?” என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மூளையின் அடியில், சத்தியையும் விக்கலையும் கிளப்பிவிடும் சின்ன இடம் ஒன்று இருக்கிறது. மூளையின் மற்றப் பகுதிகளில் இரத்தத்தில் ஓடுவது எல்லாம் உள்ளே நுழைந்துவிட முடியாது. இங்கே அந்தக் காவல் கொஞ்சம் தளர்வு. கலங்களுக்குள் நீரை விடுகிற ‘நீர் வாய்க்கால்’ புரதம் ஒன்றும் அங்கே நிறைய. அந்தப் புரதத்தைத் தாக்குகிற நோய்தான் மனைவிக்கு, அது முதலில் அந்த இடத்தில் கைவைத்திருக்கிறது. நாங்கள் சீனி கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் புரதத்தின் பெயர் அக்குவாபோரின்-4. இந்தக் குடும்பத்துப் புரதங்களில் முதலாவதை அடையாளம் கண்டவர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பீற்றர் அக்ரே. அவர் தேடியது இதையல்ல. செங்குழியத்தின் மேலிருக்கிற ஆர்.எச். இரத்தவகைப் புரதத்தைத் தேடி வலை போட்டார், கூடவே வேண்டாத ஒன்று திரும்பத் திரும்ப ஏறியது. எங்கள் தொழிலில் அப்படி வருவதைத் திருப்பிக் கடலில் எறிந்துவிடுவோம். அவர் எறியவில்லை. 1992இல் அந்தப் புரதத்தைத் தவளை முட்டைகளில் உண்டாக்கி, உப்புக் குறைந்த நீரில் போட்டுப் பார்த்தார்கள். சாதாரண முட்டை பேசாமல் கிடந்தது. புரதம் உள்ள முட்டை நீரை இழுத்து ஊதி வெடித்தது. கலத்தின் மென்சவ்வு கொழுப்பால் ஆனது, நீர் அதைக் கடந்து மெதுவாகத்தான் கசியும். அவசரத்துக்கு இந்த வாய்க்கால். செங்குழியத்தில் உள்ள வகையில், ஒரு வாய்க்கால் வழியே ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகின்றனவாம். 2003இல் அக்ரேக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மூளையில் அதிகம் இருப்பது நான்காம் வகை. நட்சத்திரம் மாதிரிக் கிளை விரித்த துணைக் கலங்கள் மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் கண் நரம்பிலும் இருக்கின்றன. அவை இரத்தக் குழாய்களைப் பாதத்தால் அணைத்துப் பிடித்திருக்கும். அந்தப் பாதத்தில்தான் இந்த வாய்க்கால்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. கிருமியைத் தாக்க உடம்பு செய்கிற புரதத்துக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். மனைவியின் உடம்பே இந்த வாய்க்காலை எதிரி என்று நினைத்து அதற்கெதிராகப் பிறபொருளெதிரி செய்துவிட்டது. அது வாய்க்காலை வெறுமனே அடைத்துவிட்டுப் போகவில்லை. போய் ஒட்டிக்கொண்டு, இரத்தத்தில் இருக்கிற வேறு அழிக்கும் புரதங்களையும் கூப்பிட்டுக் கலத்தையே கொன்றுவிடுகிறது. பிறகு பக்கத்து நரம்பின் உறையும் போகிறது.

1894இல் பிரான்சின் லியோன் நகரத்து வைத்தியர் யூஜின் டெவிக் விவரித்த நோய் இது. கண் நரம்பும் முள்ளந்தண்டும் சேர்ந்து பாதிக்கப்படுவதை வைத்து டெவிக் நோய் என்று அவர் பெயரிலேயே அழைத்தார்கள், இப்போது சுருக்கமாக என்.எம்.ஓ. அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் இது நரம்பின் உறையை அழிக்கிற எம்.எஸ். (மல்ற்றிப்பிள் ஸ்க்லெரோசிஸ்) என்ற நோயின் ஒரு வகை என்றே பலர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழுவினர் இந்தப் பிறபொருளெதிரியைக் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடம் அது பிடிப்பது அக்குவாபோரின்-4ஐ என்று காட்டினார்கள். நோய் வேறு என்றால் மருந்தும் வேறு. எம்.எஸ்.க்குக் கொடுக்கிற இன்டர்பெரோன் பீற்றா போன்ற சில மருந்துகள் இந்த நோயை மோசமாக்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை வெறும் பெயர் வைக்கிற சடங்கு இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டீரொயிட் ஒரு நாளைக்கு 1 கிராம் வீதம் ஐந்து நாள் ஏற்றினார்கள், கால் மெல்ல மெல்லத் திரும்பியது. இந்தப் பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்க்க, அதற்கு முன் எடுத்த இரத்தத்தை நாங்கள் வேறோர் இடத்தில் கொடுத்திருந்தோம். ரிப்போர்ட்டில் எல்லைக்குச் சற்று மேலே ஓர் எண். டொக்டர் முகம் மலரவில்லை. எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேட்டார். நான் போன் போட்டுக் கேட்டேன். “மெஷினில் பார்த்தது” என்றார்கள். எந்த மெஷின்? “எங்கட மெஷின்.” சரி.

டொக்டர் விளங்கப்படுத்தினார். எலைசா என்ற முறையில் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிவைத்து அதன்மேல் நோயாளியின் சீரத்தை, அதாவது இரத்தம் கட்டியான பிறகு மிஞ்சுகிற தெளிந்த நீரை, விடுகிறார்கள். நிறம் மாறுவதை எண்ணாக்கித் தருகிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நம்பலாம், எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் ஏமாற்றும். மற்ற முறையில் உயிருள்ள கலங்களை வளர்த்து, அவற்றின் மேற்பரப்பிலேயே மனித அக்குவாபோரின்-4ஐ உண்டாக்கி, அதன்மேல் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். புரதம் தன் இயல்பான உருவத்தில் இருக்கும், பிறபொருளெதிரி இருந்தால் கலத்தின் ஓரம் பச்சையாக மின்னும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதலாவது, கருவாட்டுத் துண்டைப் பார்த்து மீனின் பெயர் சொல்வது. பெரிய துண்டு என்றால் சொல்லிவிடலாம், சின்னத் துண்டென்றால் பாரையை அறுக்குளா என்று விற்றுவிடுவார்கள். இரண்டாவது, மீனைத் தண்ணீரிலேயே வைத்துப் பார்ப்பது. டொக்டர் ஒரு காகிதத் துண்டில் ‘கல அடிப்படை முறை’ என்று எழுதி இரண்டு தரம் கீழே கோடு போட்டுத் தந்தார்.

அந்தத் துண்டோடு 17 படி ஏறினேன். கவுண்டரில் இருந்தவள் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். துண்டை வாசித்தாள். நான் காசை எடுக்க அவள் விடவில்லை. முதலில் மூன்று கேள்வி கேட்டாள். ஸ்டீரொயிட் ஏற்றினதா, எத்தனை நாளைக்கு முன்னம்? இரத்தத்தில் பிளாஸ்மா மாற்றினவர்களா? முன்னம் செய்த ரிப்போர்ட் இருக்கிறதா? பிளாஸ்மா மாற்றினால் பிறபொருளெதிரியும் சேர்ந்து வெளியே போய்விடும், இல்லை என்று பொய்யாக ரிப்போர்ட் வரலாம் என்றாள். பிறகு கொழும்புக்குப் போன் போட்டு, இந்தப் பரிசோதனையை எந்த முறையில் செய்கிறீர்கள் என்று கேட்டாள். அங்கே எடுத்தவருக்குத் தெரியவில்லை. வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொன்னாள். அவருக்கும் தெரியவில்லை. மூன்றாவது ஆள், அது இந்தியாவில் ஒரு லாபுக்குப் போகிறது, கல முறைதான் என்று சொன்ன பிறகே பில் போட்டாள். இருபது நிமிடம் போனது. பின்னால் நின்றவர் புறுபுறுத்தார். நான் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விலை? அன்றைய சந்தைக்கு ஒரு பெட்டி நல்ல அறுக்குளா. மலிவில்லை. விலை மாறிக்கொண்டே இருக்கிறது, போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மனைவி மாடி ஏற முடியாது என்றதும், “அன்ரி வர வேண்டாம், நான் வாறன்” என்றாள். வீட்டுக்கு வர ஒரு சின்னத் தொகை கூட எடுக்கிறார்கள். ஓட்டோக் காசைவிடக் குறைவு.

அடுத்த நாள் காலை ஸ்கூட்டரில் வந்தாள். நான் முதலில் பார்த்தது அவள் கையை இல்லை, பெட்டியை. சின்னக் குளிர்ப்பெட்டி. உள்ளே இரண்டு ஐஸ் பைகள், இரண்டையும் துணியில் சுற்றி ஓரத்தில் வைத்திருந்தாள், நடுவில் குழாய்களைக் குத்திவைக்கிற தட்டு. பெட்டியின் மூடி நன்றாகப் பொருந்தியது. வெளியே வியர்க்கவில்லை. மூடி வியர்த்தால் குளிர் வெளியே போகிறது என்று அர்த்தம், இது எந்த மீன்காரனுக்கும் தெரியும்.

இரத்தம் எடுத்ததை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒரே குத்து, மனைவி முகம் சுளிக்கவில்லை. மஞ்சள் மூடிக் குழாய். எடுத்ததும் ஐந்தாறு தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள், பிறகு பேசாமல் தட்டில் நிறுத்திவைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளை, வெயில் ஏறுது, ஐஸுக்குள்ள வையுங்கோவன்” என்றேன். எங்கள் பெட்டியிலிருந்து நொறுக்கின ஐஸ் ஒரு கோப்பை கொண்டுவந்தும் கொடுத்தேன்.

அவள் சிரித்தாள். “மீன் இல்லை அங்கிள். இரத்தம் முதல்ல தானா கட்டியாகோணும், அரை மணித்தியாலம். ஐஸ் நேரா பட்டா செங்குழியம் உடைஞ்சிடும், சீரம் சிவப்பா வரும், அங்க திருப்பி அனுப்பிடுவாங்க.”

யோசித்துப் பார்த்தேன். மீனும் அப்படித்தான். வீட்டுப் பிரிட்ஜில் மெதுவாக உறையவிட்ட மீனை வெளியே எடுத்தால் தசை தளர்ந்து தண்ணீர் வடியும், ஏனென்றால் உள்ளே நீர் ஐஸ் ஊசியாகி ஒவ்வொரு கலத்தையும் குத்தியிருக்கும். 27 வருடம் ஐஸோடு இருந்தவனுக்கு 24 வயதுப் பிள்ளை ஐஸ் பற்றிப் பாடம் எடுத்தாள். தேத்தண்ணிக்கு இன்னொரு பணிஸ் வைத்தேன்.

அரை மணித்தியாலம் கழிய, இரத்தம் கட்டியான குழாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் சுழற்றுகிற மெஷின் இருக்கிறது, அதை விசாரிக்காமல் எங்கேயும் இரத்தம் கொடுக்காதீர்கள். சுழற்றி எடுத்தபோது கீழே கறுப்புச் சிவப்பு, நடுவே வெள்ளைக் களி, மேலே தெளிந்த மஞ்சள், புதிதாய் வடித்த நல்லெண்ணெய் நிறம். அதைத் தனிக் குழாயில் ஊற்றி, பெயரை எழுதி, என்னையும் வாசிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். அன்று இரவு கொழும்புக்கு ஏறியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏழு நாள் என்றார்கள், 11 நாள் எடுத்தது. எட்டாம் நாள் நான் கேட்டபோது “வந்தா எடுப்பம்” என்றது வேறு ஒரு குரல். ரிப்போர்ட் போனுக்கு வரும் என்றார்கள், வந்தது, ஆனால் திறக்க ஓர் இரகசிய எண் கேட்டது, அந்த எண் பில்லின் பின்பக்கம் கடுகு எழுத்தில் இருந்தது. பில் என் சேர்ட் பையோடு சலவைக்குப் போயிருந்தது. திரும்பவும் 17 படி. ஞாயிறு பூட்டு. மாதத்தின் முதல் வாரம் காலை எட்டு மணிக்குப் போனால் நாற்காலி கிடைக்காது, பத்தரைக்குப் பிறகு போங்கள்.

ஆனால் ரிப்போர்ட்டில் விடை ஒரு வரி, செய்த முறை அடுத்த வரி, இரண்டும் தெளிவாக இருந்தன. விடை: இருக்கிறது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் தரம் கேள்வி கேட்கவில்லை. உடம்பின் எதிர்ப்பை அடக்குகிற அசதியோபிறின் தொடங்கினார், அது பிடிக்க மாதக்கணக்காகும் என்பதால் அதுவரை பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையும். இந்த நோயில் ஒவ்வொரு தாக்குதலும் எதையாவது எடுத்துக்கொண்டு போகிறது, போனது முழுதாகத் திரும்பாது, ஆகவே அடுத்ததை வரவிடாமல் தடுப்பதுதான் வைத்தியம் என்றார். 2019இலிருந்து இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசிகள் இருக்கின்றன. முதலில் வந்தது எக்குலிசுமாப். விலையை மகள் தேடிப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். ரிட்டுக்சிமாப் என்ற வேறொன்றும் உண்டு, தேவைப்பட்டால் அதைப் பற்றிப் பேசலாம் என்றார் டொக்டர்.

மகள் இப்போது இந்தப் புரதத்தைவிட்டு இறங்குவதாக இல்லை. அந்த வாய்க்காலே இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்திருக்கிறார்களாம். 2000ஆம் ஆண்டு வந்த ஆய்வில், மூளைக்கு இரத்தம் தடைப்பட்டபோது அந்த எலிகளின் மூளை மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் வீங்கியது. அப்படியென்றால் பாரிசவாதத்துக்கு அதை அடைக்கிற மருந்து செய்யலாமே என்றேன். “அப்பா, மூளைக் கட்டியைச் சுற்றிக் குழாய் கசிகிற வீக்கத்தில அதே எலிகள்தான் மோசமாயிருக்கு” என்றாள். நீர் உள்ளே வருகிற மதகும் வெளியே போகிற மதகும் ஒன்றுதான். மழைக்காலத்தில் கந்தளாய்க் குளத்து மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று நடக்கிற சண்டை ஞாபகம் வந்தது. அப்படி அடைக்கிற மருந்து இன்னும் நோயாளிகள் கைக்கு வரவில்லை. மூளை தன் கழிவைக் கழுவுவதிலும் இதற்குப் பங்கு இருக்கலாம் என்று 2012இலிருந்து பேசுகிறார்கள், அல்சைமர் வரை இழுக்கிறார்கள். அது அவளுடைய பாடு.

எங்கள் பாடு மாதாந்த இரத்தம். அசதியோபிறின் குடிக்கிறவர்களுக்கு வெண்குழியமும் ஈரலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கிழமைக்கு ஒரு தரம், இப்போது இடைவெளி கூடியிருக்கிறது. ஒன்பது தரம் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒருமுறை வேறு ஒரு பையன் வந்தான், பெட்டி மூடி வியர்த்திருந்தது, சொன்னேன். அடுத்த முறை அவனே வந்தான், புதுப் பெட்டி. சொன்னால் கேட்கிறார்கள், இதற்கும் ஒரு புள்ளி.

போன கிழமை இரவு கணவாய்க் கறி கொஞ்சம் உறைப்பு. இரண்டாம் கவளத்தில் மனைவிக்கு விக்கல். சாப்பாட்டு மேசையில் யாரும் அசையவில்லை. மகள் வாய்க்குள் எண்ணத் தொடங்கினாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டேன், இரவு எட்டரை. எடுத்தாள். சொன்னேன். “அங்கிள், விக்கலுக்கு எங்களிட்ட டெஸ்ட் இல்லை, டொக்டருக்கு எடுங்கோ” என்றாள், பிறகு, “எத்தனையாவது?” என்று கேட்டாள்.

ஆறோடு நின்றது. மாமியார் கனடாவுக்குப் போன் போடச் சொன்னார்.